ஏப்ரலில் சைகோன், கையில் 45,000

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, நானும் என் தோழியும் ஏப்ரலில் ஐந்து நாள் வியட்நாமின் சைகோன் போகலாம் என்று இருக்கிறோம். டிக்கெட், விசா எல்லாம் சேர்த்து ஆளுக்கு 45,000 ரூபாய்தான். முதுகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். காசு போதுமா? வெயில் தாங்குமா? அப்பத்தாவை என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?"

காசு போதும், மிச்சமும் வரும். அப்பத்தாவுக்கு என்னிடம் ஒரு மருந்து இருக்கிறது, பிறகு சொல்கிறேன். வெயில்தான் விஷயம்.

காரைக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சைகோன் வெயில் என்ன பெரிய வெயில் என்று எகத்தாளமாகத்தான் நானும் முதல் தடவை போனேன். அதுவும் ஒரு ஏப்ரல். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மெதுவாகக் கிளம்பி, பதினொன்றரைக்குள் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. அன்றைய சிட்டை இன்னும் வைத்திருக்கிறேன். டாக்சி மூன்று முறை, 2,40,000 டாங் (டாங்தான் அவர்கள் நாட்டுக் காசு). மாலுக்குள் ஏசிக்காகவே போய்க் குடித்த இரண்டு காபி, 1,60,000. ஐஸ்கிரீம் 80,000. அவசரத்துக்கு வாங்கிய தொப்பி 1,20,000. ஆக, பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிக்குள் ஆறு லட்சம் டாங், நம் காசுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். அதே நாளில் படுக்கைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஆனது மூன்றரை லட்சம்தான். அந்த ஊரில் காசு கரைவது வெயிலில். வெயிலைச் சமாளிக்கத் தெரிந்தால் பட்ஜெட் தானாகச் சமாளிக்கப்படும். மீதி நான் சொல்வதெல்லாம் இதற்குள் அடக்கம்.

நம்ம வெயிலும் அந்த வெயிலும் ஒன்றில்லை. இங்கே சித்திரையில் 39, 40 டிகிரி அடித்தாலும் காற்றில் ஈரம் குறைவு. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். சைகோனில் மானி 35, 36 என்றுதான் காட்டும். ஆனால் காற்றே ஈரத்துணி மாதிரி இருப்பதால் வேர்வை காயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். நிழலில் நின்றாலும் பெரிதாகக் குறையாது. ராத்திரியிலும் 26, 27க்குக் கீழே இறங்காது. மார்ச், ஏப்ரல்தான் அங்கே உச்சம். மே மாதத்திலிருந்து பிற்பகல் மழை வந்து கொஞ்சம் தணிக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் சுகம், ஆனால் உங்களுக்கு விடுப்பு ஏப்ரலில்தான் என்கிறீர்கள். அப்படியானால் மாதக் கடைசி வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஏப்ரல் 30 அவர்களுக்குப் போர் முடிந்த நாள், மறுநாள் மே தினம், ஊரே விடுமுறையில் கிளம்பும், படுக்கை விலையும் ஏறிவிடும்.

நம் பெரிய வீடுகளில் மத்தியானம் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, கடைக்குப் போகிற வேலை, கிணற்றடி வேலை எல்லாம் பத்துக்குள் முடியும். பன்னிரண்டுக்குச் சாப்பாடு. அப்புறம் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு தலையணையைப் போட்டுக் கட்டை சாய்ந்தால் நாலு மணிக்குத்தான் வளவில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்கும். சைகோன்காரர்கள் செய்வதும் இதையேதான். பார்க் பெஞ்சில், தன் மோட்டார்சைக்கிள் மேலேயே நீட்டிப் படுத்து, கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் என்று மத்தியானம் ஊரே தூங்கும். அந்த நேரத்தில் வெயிலில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு அலைவது வெளியூர்க்காரன் மட்டும்தான். டாக்சிக்காரன் பிழைப்பு அவனை வைத்துத்தான்.

ஆகவே உங்கள் நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு விடிந்துவிடும், அப்போதே வெளியே இருங்கள். தாவ் தான் பூங்காவில் அந்நேரமே கிழவர்களும் கிழவிகளும் கை காலை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள், கூண்டுப் பறவைகளைக் கொண்டுவந்து மரத்தில் மாட்டிவிட்டுக் காபி குடிப்பவர்களும் இருப்பார்கள். பத்தரை வரை நடை. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை கூரைக்குக் கீழே. பிறகு இரவு பத்து வரை மறுபடி நடை. ஒரு நாளில் இப்படியே பதினொரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது, ஒரு டாக்சி கூட வேண்டாம்.

அந்தப் பதினொன்று முதல் மூன்றரை வரை காசில்லாமல் எங்கே போவது? முதல் வழி, அறையில் தூக்கம். இரண்டாவது, போர்ச் சான்றுகள் அருங்காட்சியகம், நுழைவு 40,000 டாங், சுமார் 130 ரூபாய். ஆனால் அங்கே ஏசிக்காகப் போவதாக நினைக்காதீர்கள். இரசாயன மருந்து தெளித்ததால் ஊனமாய்ப் பிறந்த பிள்ளைகளின் படங்கள் இருக்கும் கூடத்தில் நான் பாதியில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டவுடன் போகவேண்டாம். மூன்றாவது வழி நான் இரண்டாம் பயணத்தில் கண்டுபிடித்தது, இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது: மெட்ரோ. 2024 டிசம்பர் 22 அன்று திறந்த முதல் தடம், பென் தான் சந்தையிலிருந்து சுவாய் தியன் வரை கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 14 நிலையங்கள். முதல் மூன்று நிலையங்கள் தரைக்கு அடியில், மற்றவை மேம்பாலத்தில். கடைசி வரை டிக்கெட் 20,000 டாங். போய்த் திரும்ப 130 ரூபாய்க்குக் குளுகுளுவென்று உட்கார்ந்து ஆற்றையும் அடுக்குமாடிகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். நான் போகும்போது எதிர் இருக்கையில் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு சும்மா ஏறியிருந்தார். அவருக்கும் என் கணக்குதான் போல.

இனி கிளம்புவதைப் பற்றி. திருச்சியிலிருந்தே நேராகப் போகலாம். வியட்ஜெட் 2023 நவம்பரில் இந்தத் தடத்தைத் தொடங்கியது. தினசரி விமானம் இல்லை, கிழமைகள் மாறும், அதனால் உங்கள் விடுப்பை விமானத்துக்குத் தகுந்தாற்போல் வளைத்துக்கொள்ளுங்கள். இதில் நமக்கு ஒரு வசதி: திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. காரைக்குடியில் திருச்சி பஸ் ஏறினால் ஊருக்குள் போகாமல் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். எனக்குப் போக வர 17,000 ரூபாய் ஆனது. கைப்பை 7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, எடை போட்டுப் பார்ப்பார்கள். வாசலில் வைத்து வசூலிக்கும் கட்டணம் டிக்கெட் விலைக்கே சவால் விடும். அப்பத்தா கட்டிக்கொடுக்கும் சீப்புச்சீடையும் கைமுறுக்கும் இந்த 7 கிலோவுக்குள்தான்.

மின்விசா 25 டாலர், ஒரு தடவை நுழைய. வியட்நாம் அரசின் தளத்திலேயே நேராக விண்ணப்பிக்க வேண்டும். நான் முதல் தடவை தேடலில் மேலே வந்த ஏதோ ஒரு தளத்தை அரசாங்கம் என்று நம்பி இரண்டு மடங்குக்கு மேல் கட்டினேன். அரசு முத்திரையும் கொடியும் போட்டு அப்படியே அசல் மாதிரி வைத்திருந்தார்கள். இன்னொன்று, நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இன்ஷியல் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று கிடக்கும். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். எழுத்துப் பிசகினால் கட்டிய காசு திரும்ப வராது. இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுவிடுங்கள்.

விமான நிலையத்தில் 152-ஆம் எண் நகரப் பேருந்து இருக்கிறது, பத்தாயிரம் டாங்குக்குள் பென் தான் பக்கம் கொண்டுவந்து விடும், பெரிய பைக்கு இன்னொரு சீட்டுக் கேட்பார்கள். இருட்டிய பிறகு இறங்கினால் பஸ்ஸை நம்பவேண்டாம், கிராப் செயலியில் வண்டி போடுங்கள். வெளியே வந்ததும் "டாக்சி, டாக்சி" என்று கையைப் பிடிக்காத குறையாக வருபவர்களிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள். நான் காலையில் இறங்கினேன். அறை இரண்டு மணிக்குத்தான் தருவார்கள், ஆனால் பையை வைத்துக்கொள்வார்கள். அதை வைத்துவிட்டு முதல் காலை நடையை அன்றே முடித்துவிடலாம்.

தங்குவதற்கு டார்மிட்டரி. ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, ஒரு பூட்டும் பெட்டி, பொதுக் குளியலறை, ஏசி. ஒரு இரவுக்கு 1,50,000 முதல் 2,50,000 டாங், அதாவது 500 முதல் 800 ரூபாய். பெண்களுக்கு மட்டுமான அறையும் கிடைக்கும், அதையே எடுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு எப்படி என்று வீட்டில் கேட்டால், கிட்டங்கியை நினைவுபடுத்துங்கள். நம் முன்னோர் சைகோனிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனபோது அரண்மனையிலா படுத்தார்கள்? நீளமான ஒரு கூடம், ஆளுக்கு ஒரு பாய் அகலம் இடம், ஒரு கைப்பெட்டி, அதன் மேலேயே கணக்கு, அதன் பக்கத்திலேயே தூக்கம், பொதுச் சமையல். மூன்று வருஷச் சம்பளச்சீட்டுக்குப் போனவர் அப்படித்தான் இருந்துவிட்டு வந்தார். எங்கள் ஐயாவும் சைகோனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர்தான். ஊரில் எட்டுக்கட்டு வீட்டைக் கட்டியது அந்தப் பாய் அகலத்துச் சிக்கனம்.

இடம், ஃபாம் ஙூ லாவ் தெருவுக்கும் புய் வியன் தெருவுக்கும் சுற்றுவட்டாரம். ஆனால் புய் வியன் மேலேயே எடுக்காதீர்கள், விடிய விடிய ஒலிபெருக்கி. இரண்டு சந்து தள்ளி எடுத்தால் அமைதியும் உண்டு, விலையும் குறைவு. முகவரியில் 283/21 என்று சாய்கோடு போட்டிருந்தால் 283 என்பது சந்தின் எண், 21 அதற்குள் வீட்டின் எண். இது தெரியாமல் தெருவில் 283-ஐயும் 284-ஐயும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முதுகில் பையோடு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். இன்னொரு குழப்பம்: 2025 ஜூலையில் அங்கே மாவட்டப் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் "ஒன்றாம் மாவட்டம்" தான். நீங்கள் தங்கப்போவது அதில்தான்.

காசு நோட்டில் கவனம். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். மூன்று சுழியை வெட்டிவிட்டு மிச்சத்தை மூன்றால் பெருக்கிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் ரூபாய். எல்லா நோட்டிலும் ஹோ சி மின்தான் சிரிக்கிறார். 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானத்தில் இளநீர்க்காரரிடம் 20,000 என்று நினைத்து நான் நீட்டியது ஐந்து லட்சம், 1,650 ரூபாய்க்கு மேல். அவர் வாங்கி, தூக்கிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு என் பர்ஸைத் திறக்கச் சொல்லித் தானே சரியான நோட்டை உருவிக்கொண்டார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். ஐந்து லட்சத்தையும் இரண்டு லட்சத்தையும் தனி உறையில் பையின் அடியில் வையுங்கள், கைப்பர்ஸில் சில்லறை நோட்டு மட்டும். ரூபாயை அங்கே மாற்றுவது சிரமம், டாலராகக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய் ஒதுக்கினால் திருப்தியாகச் சாப்பிடலாம். காலையில் 'ஸொய்', அதாவது ஆவியில் வெந்த ஒட்டரிசி, தெருவோரம் வாழையிலையில் பொதிந்து தருவார்கள், 20,000 டாங் சுற்றி. அதில் கருப்பு வகை ஒன்று உண்டு, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி. வாயில் வைத்ததும் நம் கல்யாண வீட்டுக் கவுனி அரிசிதான். நெய் மட்டும்தான் இல்லை. பகலுக்குக் 'கம் தாம்', நொய்யரிசிச் சோறு, மேலே சுட்ட இறைச்சியோ முட்டையோ, 50,000 டாங் போல. இங்கே நொய் என்றால் கோழிக்குப் போடுவோம், அங்கே அது ஊர்ப் பெருமை. 'பான் மீ' என்ற மொறுமொறு ரொட்டி 25,000 முதல்.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் 'சாய்' என்று பெயர்ப்பலகை போட்ட கடைகளைத் தேடுங்கள், நிறையவே இருக்கின்றன. அவர்களிலும் பலர் அமாவாசைக் கணக்கிலும் பௌர்ணமிக் கணக்கிலும் மாதம் இரண்டு நாள் சைவம்தான், அன்றைக்குக் கடைகள் இன்னும் கூடும். 'சாய்' இல்லாத கடையில் காய்கறி மட்டும் போடு என்று கேட்டு வாங்குவதில் பயனில்லை, மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறான 'நுவக் மாம்' உப்பு மாதிரி எதிலும் விழும். அசைவம் என்றால், 'போ' மாடு, 'ஹியோ' பன்றி, 'கா' கோழி. உச்சரிப்பை நம்பாமல் எழுத்தைப் போனில் படமாக வைத்துக் காட்டுங்கள்.

குடிக்க: குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஹாஸ்டலில் பெரிய கேனிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள். மோருக்கு ஏங்கினால் 'சான் முவாய்' கேளுங்கள். உப்பில் ஊறிய எலுமிச்சையைக் கண்ணாடித் தம்ளரில் நசுக்கி, சர்க்கரையும் ஐஸும் போட்டுத் தருவார்கள். நம் உப்பு எலுமிச்சங்காய் ஊறுகாயைச் சர்பத்தாக்கினால் எப்படியோ அப்படி. வேர்வையில் போன உப்பு அப்படியே திரும்பி வரும். அந்தக் காபியை என்ன சொல்ல! சின்ன அலுமினிய வடிகட்டியை டம்ளர் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அது சொட்டுச் சொட்டாக இறங்கும், அடியில் கட்டிப்பால். முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலியில் தெருவோரம் உட்கார்ந்து குடித்தால் 20,000. அதே காபி மாலில் 80,000. முதல் பயணத்தில் நான் கொடுத்தது மாலுக்கு.

சாலையைக் கடப்பது தனி வித்தை. காரைக்குடி அஞ்சு விளக்கில் தீபாவளிக்கு முதல் நாள் மாலை எவ்வளவு வண்டி நிற்குமோ, அத்தனையும் நிற்காமல் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும், அதனால் முதலில் இடப்பக்கம் பார்க்கவேண்டும். நான் பென் தான் எதிரே பத்து நிமிஷம் நின்றேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஓடவில்லை, நிற்கவில்லை, கோவில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி ஒரே நிதானத்தில் நடந்தாள். மோட்டார்சைக்கிள்கள் எங்கள் முன்னும் பின்னும் தண்ணீர் மாதிரிப் பிரிந்து போயின. பயந்து பின்வாங்கினால்தான் இடிப்பார்கள், நம் அடுத்த அடி எங்கே விழும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். பஸ்ஸுக்கும் காருக்கும் மட்டும் நின்று வழிவிடுங்கள். பெண்கள் ராத்திரி நடப்பதற்குப் பெரிதாகப் பயமில்லாத ஊர். ஆனால் போன் பறிப்பு உண்டு, வண்டியில் வந்து கையிலிருந்து உருவிவிடுவார்கள். சாலையோரம் நின்று வரைபடம் பார்க்காதீர்கள், கடைக்குள் ஏறிப் பாருங்கள்.

இப்போது அப்பத்தா. "நம்ம கோவிலைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. தோன் தட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்களாக உயர்ந்து நிற்கும் வட்டாரத்தில், உள்ளே நுழைந்ததும் அந்த மண்டபத்துக் குளிர்ச்சியும் தரையும் தூணும் நம் ஊரில் ஏதோ ஒரு வீட்டு முகப்பில் நிற்கிற மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1859-ல் சைகோனைப் பிடித்த பிறகு, மேகாங் கழனிகளில் நெல் விளைவிக்கக் கடன் கொடுத்து லேவாதேவி நடத்தியவர்கள் விட்டுவிட்டு வந்தது இது. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். நான் போன காலையில் சந்நிதியில் நின்றவர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இன்னொன்று, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துருவாங் தின் தெருவில் மாரியம்மன். அங்கே கூட்டமே வியட்நாம்காரர்கள். கட்டுக் கட்டாக ஊதுபத்தி, மல்லிகை, ரோஜா. கருவறைக்குப் பின்புறம் கருங்கல் சுவரில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி, கண்ணை மூடி, அம்மனிடம் ஏதோ முணுமுணுப்பாக நிறைய நேரம் பேசுவார்கள். ஒரு அம்மாள் நகர்ந்த பிறகு நானும் கை வைத்துப் பார்த்தேன். அத்தனை வெயிலிலும் கல் சில்லென்று இருந்தது, கை பட்டுப் பட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பு. அங்கே எடுத்த ஒரு படத்தை எங்கள் அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, "ஐயா சொன்ன கோவில் இன்னும் இருக்கா" என்று மட்டும் கேட்டார். உங்கள் அப்பத்தாவிடம் இரண்டு கோவில் பெயரையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களை நீங்களே தேடிக்கொள்வீர்கள். 1891-ல் முடிந்த பழைய தபால் நிலையத்துக்குள் கட்டணமில்லை, ஈஃபில் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், அவர் கட்டியதில்லை. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். சாயங்காலம் பாக் தாங் துறையிலிருந்து ஆற்றுப் படகுப்பேருந்து, 15,000 டாங், வெயில் சாய்ந்த பிறகு அந்தக் காற்றுக்கே கொடுக்கலாம். சோ லன் என்ற சீனர் பகுதிக்கு நகரப் பேருந்தில் காலையில் போங்கள். கூ சி என்ற இடத்துப் போர்க்காலச் சுரங்கங்களுக்கு ஏப்ரலில் நான் போகமாட்டேன். குனிந்து தவழ்ந்து போகிற பொந்துக்குள் அந்தப் புழுக்கம் மூச்சை அடைக்கும், போக வர அரை நாளும் போய்விடும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் முதல் வண்டியில் கிளம்பிப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

பையில் என்ன? ஈரிழைத் துண்டு இரண்டு. துருக்கித் துண்டு கொண்டுபோனால் ஐந்து நாளும் ஈரமாகவே நாறும். மெல்லிய பருத்தியில் மூன்று மாற்று, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், தொடை உரசிப் புண்ணாகும். வேர்க்குருப் பவுடர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு, குடை. அங்கே பெண்கள் வெயிலில் முகம் கை எல்லாம் மூடிக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார்கள், நீங்கள் குடை பிடிப்பதை யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். தலை சுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் படுத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு விசிறுங்கள். பேச்சு உளறினால் தாமதிக்காமல் மருத்துவமனை. பயணக் காப்பீடு சில நூறு ரூபாய்தான், எடுத்துவிடுங்கள்.

கணக்கைப் போடுவோம், ஆளுக்கு. விமானம் 17,000. விசா 2,200. ஐந்து இரவு 3,500. சாப்பாடு 4,000. பஸ், மெட்ரோ, கிராப் 1,500. நுழைவுச்சீட்டுகள் 1,000. சிம், காப்பீடு, திருச்சி பஸ் சேர்த்து 1,500. ஆகக்கூடி 30,700. விமானம் ஐந்தாயிரம் கூடினாலும் உங்கள் 45-க்குள் ஒன்பதாயிரம் கையில் நிற்கும். ஒவ்வொரு இரவும் படுக்குமுன் சிட்டை எழுதுங்கள். போனில் எழுதினால் மறப்போம், சின்னக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கடைசி நாள் அறையைப் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்வார்கள், விமானமோ இரவு. பையை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஒரு குளியலுக்கு அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். இல்லையென்றால் சின்னத் தொகை கேட்பார்கள், கொடுத்துவிடலாம், அந்த வேர்வையோடு விமானத்தில் உட்காருவது பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்யும் பாவம். மிச்ச டாங்கை விமான நிலையம் போகுமுன்பே செலவழித்துவிடுங்கள், திருச்சியில் இறங்கிய பிறகு அதை மாற்ற அலையவேண்டாம். நான் கடைசி 90,000-க்கு ஒரு காபி வடிகட்டியும் கால் கிலோ தூளும் வாங்கினேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்ததும் அதில்தான் சொட்ட விடுகிறேன். பாலுக்கு மட்டும் காரைக்குடிப் பசும்பால்.